பத்தாம் பின்னும் ஒரு கட்டைவிரலும்: பீடோங்கில் ஐந்து மாதப் பவுலிங் பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது பீடோங். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர். இப்போது பல இடங்களில் செம்பனை, நடுநடுவே தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள். தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் பலரும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். இந்த ஆய்வில் வருபவரும் அப்படித்தான். வயது 41. அம்மா அப்பா இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள், பிறந்தது லயத்து வீட்டில். இப்போது ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், மூன்று ஷிஃப்ட் வேலை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் வேலையிடமும் தேவையில்லை.

தோட்டத்தில் பந்து என்றால் கால்பந்துதான். பவுலிங், அதாவது கனமான பந்தை உருட்டி எதிர்முனையில் நிற்கும் பத்துக் கட்டைகளை (அவைதான் 'பின்') விழவைக்கும் ஆட்டம், அங்கே 'ஏர்கோன் விளையாட்டு', காசு இருப்பவர்கள் ஆடுவது. இவருக்கு அது வந்தது வேலையிடம் வழியாக. தொழிற்சாலையில் இலாகாக்களுக்கு இடையே ஒரு போட்டித் தொடர் உண்டு. மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு, அணிக்கு நாலு பேர், சுங்கைப்பட்டாணியில் ஒரு பவுலிங் மையத்தில் ஆடுவார்கள். மூன்று வருடம் ஆடியும் இவருடைய சராசரி 130ஐத் தாண்டவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தொழில்முறைப் பயிற்றுநர் அல்ல. 1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது அதில் பத்துப்பின் பவுலிங்கும் இருந்தது. காமன்வெல்த் விளையாட்டில் இது இடம்பெற்றது அந்த ஒரு முறைதான். அந்த உற்சாகத்தில் பந்தைத் தொட்டவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பேன். லேன், அதாவது பந்து உருட்டும் பாதை, அதற்கான காசு அவரவருடையது, எனக்கு ஒரு தே தாரேக் டீ.

அவர் முதல் நாள் கேட்டது: “அண்ணே, ஸ்ட்ரைக் போட மட்டும் சொல்லிக்கொடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்.” ஸ்ட்ரைக் என்றால் முதல் பந்திலேயே பத்துப் பின்னும் விழுவது.

தொடக்கத்தில் கண்டது

எதையும் மாற்றுவதற்கு முன் அவரைப் பன்னிரண்டு ஆட்டம் ஆடவிட்டு, ஒவ்வொரு சுற்றையும் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். திரையில் வரும் மொத்தப் புள்ளியில் ஒன்றும் தெரியாது. எது விழாமல் நின்றது, நின்றதை எடுத்தாரா என்பதில்தான் ஆளைப் பார்க்க முடியும்.

பன்னிரண்டு ஆட்டம் என்றால் 120 சுற்று. 19 ஸ்ட்ரைக், 38 ஸ்பேர் (முதல் பந்தில் நின்றதை இரண்டாவது பந்தில் எடுப்பது). மீதி 63 சுற்றும் திறந்தே, அதாவது இரண்டு பந்திலும் பத்தும் விழாமல், போயிருந்தன. அந்த 63ஐப் பிரித்தபோதுதான் எனக்கே ஆச்சரியம். மீதிப் பின்கள் நடுவே இடைவெளி விட்டுப் பிளவாக நின்று எடுக்க முடியாமல் போனவை 14. இரண்டு மூன்று பின் சேர்ந்து நின்று தவறியவை 27. ஒரே ஒரு பின் நின்று, அதையும் தவறவிட்டவை 22. அந்த 22இல் 13 பத்தாம் பின், அதாவது வலப்பக்கம் கடைசி மூலையில் தனியாக நிற்பது. சராசரி 128.

பவுலிங் கணக்குத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஸ்பேர் எடுத்தால் 10, கூடவே அடுத்த பந்தில் விழுவதும் சேரும். ஸ்ட்ரைக்குக்கு அடுத்த இரண்டு பந்தும் சேரும். ஒருவர் பத்துச் சுற்றிலும் முதல் பந்தில் ஒன்பதை விழவைத்து, மீதி ஒன்றைத் தொடாமலே விட்டால் மொத்தம் 90. அதே ஆள் அந்த ஒன்றையும் ஒவ்வொரு முறையும் எடுத்து, கடைசிப் பந்திலும் ஒன்பது போட்டால் 190. ஒரு ஸ்ட்ரைக் கூட வேண்டாம். நூறு புள்ளி அந்த ஒற்றைப் பின்னில் இருக்கிறது. இவர் விஷயத்தில், ஒற்றைப் பின் ஒன்று தவறினால் ஏறக்குறைய 9 புள்ளி நட்டம் என்று வைத்துக்கொண்டேன். 22 தவறுக்கு 198. ஆட்டத்துக்குப் பதினாறு சொச்சம்.

கணக்கைக் காட்டினேன். பார்த்தார், தலையை ஆட்டினார். “சரிண்ணே. ஆனா ஸ்பேருக்கு யாரும் கை தட்ட மாட்டாங்களே” என்றார். அதுவும் உண்மைதான்.

முதல் முடிவு, அதில் என் தவறு

பின்னால் நின்று போனில் படம் எடுத்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பந்தை விட்ட பிறகு அவர் வலது கை நேராக மேலே போகாமல், நெஞ்சைக் கடந்து இடது தோளுக்குப் போயிற்று. பந்தும், லேனில் வரைந்திருப்பதில் அவர் குறி வைத்த அம்புக்குறிக்கு இடப்பக்கம் இரண்டு மூன்று பலகை தள்ளியே ஓடியது. லேனில் குறுக்காக 39 பலகை, ஆடுபவர் தாண்டக்கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின்னுக்கு 60 அடி. பதினைந்து அடி தூரத்தில் இருக்கும் அம்புக்குறியில் இரண்டு பலகை தப்பினால், பின் இருக்கும் இடத்துக்குப் போவதற்குள் அது பல மடங்காகிவிடும்.

தோளால் இழுக்கிறார் என்று முடிவு கட்டினேன். பார்த்தவர் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கையை ஆட்டும் பயிற்சி, ஓரடி வைத்து விடும் பயிற்சி, விட்ட பிறகு கை காதோரம் போய் முடியவேண்டும் என்ற விதி என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்தேன். அதோடு நில்லாமல், பந்தை விடுமுன் நடக்கும் நாலடி நடையை ஐந்தடியாகவும் மாற்றச் சொன்னேன். ஒரே மாதத்தில் இத்தனை.

நாலாவது வாரம் அவர் சராசரி 117. சொன்னதையெல்லாம் செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. வீட்டில் கண்ணாடி முன் நின்று கையை ஆட்டிப் பழகியதாக அவர் மனைவி பிறகு சொன்னார். பந்து இல்லாமல் ஆட்டினால் கை நேராகப் போகும். பந்து கைக்கு வந்ததும் மறுபடி நெஞ்சைக் கடக்கும். அந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. 'பழக்கம், போகப்போகச் சரியாகும்' என்று விட்டுவிட்டேன்.

கட்டைவிரல்

ஐந்தாவது ஞாயிறு, ஆட்டம் முடிந்து கீழே தே தாரேக் குடிக்க உட்கார்ந்தோம். அவர் குவளையை நாலு விரலால் பிடித்தார். கட்டைவிரல் மட்டும் விலகி, விறைப்பாக நின்றது. கேட்டதும் காட்டினார். நகத்துக்குக் கீழே, விரல் மடங்கும் கணுவின் மேல் தோல் உரிந்து, பிளாஸ்டர் ஒட்டி, அந்தப் பிளாஸ்டரும் ஓரத்தில் கருத்துச் சுருண்டிருந்தது.

“எவ்வளவு நாளா தம்பி இப்படி?”

“பவுலிங் போட்டா இப்படித்தான் ஆகும்னு நெனச்சேன்ண்ணே.”

திரும்ப மேலே போய்ப் பந்தை எடுத்துவரச் சொன்னேன். 14 பவுண்டுப் பந்து, வேறொருவர் விற்றதை இணையத்தில் பார்த்து 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. கட்டைவிரலைத் துளைக்குள் விடச் சொல்லிப் பார்த்தேன். விரலுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே என் பேனாவின் மை ரீஃபில் தாராளமாக நுழைந்தது. யாரோ பருத்த விரல்காரருக்குத் துளையிட்ட பந்து. இவர் விரல் நேராக இருந்தால் பந்து வழுக்கிக் கீழே விழும். அதனால் விரலை உள்ளே மடக்கி, கணுவைச் சுவரில் முட்டுக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கிறார். அப்படி இறுக்கும்போது முன்கை இறுகும், தோள் இறுகும், கை ஊசல் மாதிரி தொங்கி ஆடாது. விடும் நேரத்தில் விரல் உடனே வெளியே வராமல் ஒரு நொடி தாமதிக்கும். பந்து இடப்பக்கம் போவதற்கும், கை நெஞ்சைக் கடப்பதற்கும் காரணம் தோள் இல்லை. அந்தத் துளை.

மூன்று வாரம் ஒரு மனிதனின் தோளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பந்தை ஒரு தடவை கூட என் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

அன்றே துளைக்குள் ஒட்டும் பவுலிங் டேப்பை ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு துண்டு வைத்தேன். விரல் நேராக உள்ளே போய், லேசாக உரசிக்கொண்டு வெளியே வருகிற அளவு. பிறகு பத்துப் பந்து, பின்னைப் பார்க்காமல் போடச் சொன்னேன். பத்தில் ஆறு குறி வைத்த அம்புக்குறியைத் தொட்டுப் போயின. முன்னே அது இரண்டோ மூன்றோதான். கை இன்னும் கொஞ்சம் வளைந்தது, ஆனால் நெஞ்சைக் கடக்கவில்லை.

அவரே ஒன்று சொன்னார், இதை நான் பிறகு மற்றவர்களுக்கும் சொல்லத் தொடங்கிவிட்டேன். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு உதவியாகப் பால் வாளி தூக்கிப் போவாராம். “வாளிய இறுக்கிப் புடிச்சா கொஞ்ச தூரத்துலயே கை கடுக்கும்ண்ணே. வெரல்ல மாட்டித் தொங்கவிட்டா ஸ்டோர் வரைக்கும் போயிரலாம். அதே மாதிரிதான் இருக்கு இப்ப.” ஊசல் போல ஆடட்டும் என்று நான் வாரக்கணக்கில் சொன்னதைவிட அவருக்கு இது சட்டென்று பிடிபட்டது.

டேப் தற்காலிகம்தான். அடுத்த மாதம் பினாங்கில் பந்துக்குத் துளையிடும் கடைக்குப் போய், பழைய துளைகளை அடைத்து அவர் கையளவுக்குப் புதிதாகப் போட்டு வந்தார். பந்து வாங்கிய விலையில் பாதிக்கு மேல் ஆயிற்று. அப்புறமும் பையில் டேப் வைத்திருக்கச் சொன்னேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நாளில் ஏர்கோன் குளிரில் விரல் மெலியும், மூன்றாவது ஆட்டத்தில் வீங்கும். ஒரு துண்டு கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும்.

பயிற்சியை மாற்றிய விதம்

ஆறாவது வாரத்திலிருந்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். நடை பழையபடி நாலடி. ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதுவும் பத்தாம் பின்.

அது ஏன் அவ்வளவு தொல்லை என்பதற்குக் கணக்கு உண்டு. பந்தின் விட்டம் ஏறக்குறைய 8.5 அங்குலம், பின்னின் பருத்த இடம் 4.75 அங்குலம். நடுவில் தனியாக நிற்கும் பின்னுக்கு, பந்து எங்கே உரசினாலும் விழும் என்பதால் குறியின் அகலம் சுமார் 13 அங்குலம். பத்தாம் பின்னின் நடுப்புள்ளியோ லேனின் ஓரத்திலிருந்து 2.75 அங்குலம்தான். அந்தப் பக்கம் தப்பினால் லோங்காங், லேன் ஓரத்துப் பள்ளம். ஆக, கிடைப்பது சுமார் 9 அங்குலம். அதோடு வலக்கைக்காரர் வளைத்துப் போடும் பந்து கடைசியில் இடப்பக்கம் திரும்பி, பின்னை விட்டு விலகும்.

அதனால் இரண்டு முடிவு எடுத்தோம். ஒன்று, வலது மூலைக்கு அவருடைய சொந்தப் பந்து வேண்டாம், மையத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் பந்து போதும். பிளாஸ்டிக் மேற்பரப்பு லேனை அவ்வளவாகப் பற்றாது, நேராக ஓடும். விரலுக்குச் சரியாக இருக்கும் பந்தை ரேக்கில் தேடி எடுப்பதற்கே அவர் பத்து நிமிடம் செலவழிப்பார், நான் தடுக்கவில்லை. இன்னொன்று, இடப்பக்கம் தள்ளி நின்று குறுக்காகப் போடுவது. தலைப்பின்னுக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் பின்னுக்கு, போடும் இடத்தை அடிப்படையாக வைத்து, எடுக்கவேண்டிய பின் ஒவ்வொரு வரிசையாக வலப்பக்கம் தள்ளிப்போக நிற்கும் இடத்தை மூன்று பலகை இடப்பக்கம் மாற்றும் வழக்கமான முறைதான், 3-6-9. குறி மாறாது, கால் மட்டும் மாறும். அவர் உயரத்துக்கும் நடைக்கும் பத்தாம் பின்னுக்கு ஒன்பது போதவில்லை, பத்து பலகை என்று முடிந்தது.

பயிற்சிக்கு ஒரு சிக்கல் இருந்தது. இயந்திரம் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்துப் பின்னையும் அடுக்கிவைக்கும், ஒற்றைப் பின்னைத் தனியாக வைக்காது. அதனால் முழு அடுக்கிலேயே முதல் பந்தில் பத்தாம் பின்னை மட்டும், இரண்டாவது பந்தில் இடது மூலையில் நிற்கும் ஏழாம் பின்னை மட்டும் தட்டவேண்டும் என்று வைத்தேன். பக்கத்துப் பின் எதுவும் விழுந்தால் தவறு. மிகச் சரியாக ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு 20 புள்ளி வரும்.

முதல் நாள் திரையில் அவருக்கு வந்தது 31. அதாவது தேவையில்லாத பின்கள் நிறைய விழுந்திருந்தன. அடுத்த வாரம் 14. சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து லேனில் குடும்பத்தோடு வந்த ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை, எழுந்து வந்து, “தம்பி, நடுவுல பாத்துப் போடுங்க, ஓரமாவே போவுது” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். இவருடைய மகன் அந்தத் திரையைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். மாமனார் வரைக்கும் விசாரித்தாராம். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், புள்ளி இறங்குகிற பயிற்சியை ஆள் பார்க்கும் இடத்தில் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். அதனால் காலையில் கூட்டம் வருமுன் பத்து மணிக்கே போக ஆரம்பித்தோம்.

ஒரு ஞாயிறுக்கு மூன்று ஆட்டம். முதல் இரண்டு இப்படி மூலைப் பின்கள். மூன்றாவது வழக்கமான ஆட்டம், அதில் நான் வாயே திறக்க மாட்டேன்.

இடையில் ஒரு சரிவு

ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை போட்டியில் 104 போட்டார். அணி தோற்றது. எனக்கு இரவு பதினொன்றுக்குப் போன். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “ஞாயித்துக்கெழம நல்லாதானே போவுது, வெள்ளிக்கெழம ஏண்ணே இப்படி?”

அடுத்த போட்டிக்கு நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டாவது ஆட்டத்திலேயே புரிந்தது. லேனில் முன்பகுதிக்கு, ஏறக்குறைய 40 அடி வரை, எண்ணெய் போட்டிருப்பார்கள். நடுவில் கூடுதலாக, ஓரங்களில் குறைவாக. அதற்குப் பிறகு காய்ந்த பலகை, அங்கேதான் பந்து பற்றித் திரும்பும். ஞாயிறு காலை நாங்கள் போகும்போது எண்ணெய் புதிது. வெள்ளி இரவு அதே லேனில் நாள் முழுக்க ஆள் ஆடி, எண்ணெய் இழுபட்டுக் காய்ந்திருக்கிறது. அவர் ஞாயிறு நிற்கும் அதே இடத்தில் நின்று அதே குறிக்குப் போடுகிறார். பந்து சீக்கிரமே திரும்பித் தலைப்பின்னை முகத்துக்கு நேராக அடிக்கிறது, பின்கள் இரண்டு பக்கமும் பிளந்து நிற்கின்றன. அன்று ஒரே ஆட்டத்தில் நாலு பிளவு.

இதை நான் அவருக்குச் சொல்லியே கொடுக்கவில்லை. பத்தாம் பின்னிலேயே குறியாக இருந்துவிட்டேன். ஆட்டத்தின் நடுவில் ஒன்றே ஒன்று சொன்னேன்: பந்து இடப்பக்கம் போனால் காலும் இடப்பக்கம், இரண்டு பலகை, குறியை மாற்றாதே. மூன்றாவது ஆட்டத்தில் 138. அதன்பின் மாதம் ஒரு முறை ஞாயிறை விட்டுவிட்டு, புதன் இரவு பத்து மணிக்குப் பயிற்சி வைத்தோம். அவர் ஷிஃப்டுக்கு அது தோதாக இல்லை. இரண்டு முறை தூங்கி வழிந்துகொண்டுதான் வந்தார்.

ஐந்தாம் மாத முடிவில்

மறுபடி பன்னிரண்டு ஆட்டம், அதே நோட்டு. இந்த முறை பாதி ஞாயிறு காலை, பாதி வெள்ளி இரவு.

120 சுற்றில் 22 ஸ்ட்ரைக், 58 ஸ்பேர், 40 திறந்த சுற்று. ஒற்றைப் பின் நின்றது 52 முறை, தவறியது 8. அந்த எட்டில் 5 பத்தாம் பின். பல பின் சேர்ந்து தவறியவை 17, பிளவு 15. சராசரி 149.

ஸ்ட்ரைக் மூன்றுதான் கூடியிருக்கிறது. முதலில் ஒற்றைப் பின் 45 முறை நின்றது, இப்போது 52 முறை. முதல் பந்து கொஞ்சம் நேர்ப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், இரண்டு மூன்றாக நின்ற இடத்தில் ஒன்று நிற்கிறது. இதில் எவ்வளவு கட்டைவிரல் துளையால் வந்தது, எவ்வளவு மூலைப் பின் பயிற்சியால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதத்தில் தொடங்கின.

பிளவு குறையவில்லை. 14 இருந்தது 15 ஆகியிருக்கிறது. வெள்ளி இரவு ஆட்டங்களில்தான் அதில் பத்து.

இலாகாப் போட்டியில் அவர் அணி மூன்றாவதாக வந்தது. பரிசு இல்லை. ஆனால் ஓர் இரவு பத்துச் சுற்றிலும் ஒன்று கூடத் திறந்து போகாமல் 181 போட்டார். அதில் கடைசிச் சுற்றில் நின்றது பத்தாம் பின். பிளாஸ்டிக் பந்தை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போய் நின்றவர், ஏனோ திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு போட்டார். யாரோ ஒருவர் கை தட்டினார், வேறு இலாகாக்காரர்.

மறுபடி செய்தால்

அவர் ஒரு பந்து போடுவதற்கு முன்பே கையைப் பார்ப்பேன். விரலில் எங்கே காய்ப்பு, எங்கே தோல் உரிந்திருக்கிறது, துளை எப்படி என்று. ஐந்து நிமிட வேலை. இப்போது புதிதாக வருபவர்களிடம் அதைத்தான் முதலில் செய்கிறேன். சிலர் கைரேகை பார்க்கிறேனோ என்று சிரிக்கிறார்கள்.

ஐந்தடி நடையைத் தொட்டிருக்க மாட்டேன். நாலடியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குப் பழக்கமானது ஐந்தடி என்பதால் சொன்னேன், அவ்வளவுதான்.

எண்ணெய் பற்றி மூன்றாவது வாரத்திலேயே பேசியிருக்கலாம். ஆடப்போவது வெள்ளி இரவு என்று தெரிந்தும், புது எண்ணெயில் மட்டும் பழக்கியது என் சௌகரியத்துக்காக. ஞாயிறு காலை எனக்கு ஓய்வு.

இரண்டாவது கணக்கெடுப்பை ஞாயிறு தனி, வெள்ளி தனி என்று பன்னிரண்டு பன்னிரண்டாக வைத்திருந்தால் பிளவு விஷயம் இன்னும் தெளிவாகியிருக்கும். முதல் கணக்கெடுப்பு முழுக்க ஞாயிறு காலை ஆடியது, அதனால் இரண்டையும் நேராக ஒப்பிடுவதில் ஒரு கோணல் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது புதன் இரவுப் பயிற்சி தொடர்கிறது. அவருக்குக் காலை ஷிஃப்ட் வரும் வாரங்களில் மட்டும்.